தண்ணீர் படாத துணி

நின்றுபோன இயந்திரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முத்துச்செல்வி பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மறுபடியும் பார்த்தாள். இயந்திரத்தின் விலாவில், இடுப்பு உயரத்தில், விரல் பருமனுக்கு ஒரு கண்ணாடிக் குழாய் கீழ்நோக்கி வளைந்திருந்தது. அதன் அடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன். குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டு, கனத்து, தொங்கி, விழுந்தது. டொக். பத்து எண்ணுவதற்குள் இன்னொன்று. டொக்.

அந்த ஹாலில் தண்ணீருக்கு வேலையே கிடையாது. ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் கிளைச்சாலையின் கடைசியில், கார் இருக்கைகளுக்குத் துணி தயாரிக்கும் தொழிற்சாலை அது. நூற்கும்போதும் நெய்யும்போதும் துணியில் ஏறிய எண்ணெயையும் மெழுகையும் மற்ற இடங்களில் தண்ணீர் விட்டு அலசுவார்கள். இங்கே அந்த வேலையை ஒரு திரவம் செய்தது. பட்டுப்புடவையை டிரை கிளீனிங்குக்குப் போடும் கடைகளில் இருக்குமே, அதேதான். பீப்பாயில் பெர்குளோரோஎத்திலீன் என்று எழுதியிருக்கும். வேலை செய்பவர்களுக்கு அது வெறும் 'மருந்து'. ஒரு பேருந்து நீளத்துக்கு எஃகுப் பெட்டி. ஒரு முனையில் துணி உலர்ந்தபடி உள்ளே போகும்; மருந்தில் முங்கும்; உலரறையில் சூடான காற்றில் ஏறி இறங்கி, மறுமுனையில் உலர்ந்தபடியே வெளியே வரும். ஆவியான மருந்தை இயந்திரமே குளிரவைத்துத் திரும்பக் குடித்துக்கொள்ளும். துணியிலும் காற்றிலும் இருக்கும் சிறு ஈரம் மட்டும் தண்ணீராகத் திரண்டு அந்தக் குழாய் வழியே சொட்டும். ஒரு ஷிஃப்டுக்கு ஒரு டம்ளர். அதுவும் இயந்திரம் ஓடும்போது மட்டும்.

இயந்திரம் நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அவள் தம்பி மாரிசெல்வம் அதற்குள் இருந்தான்.

"ஏல மாரி!"

உலரறைப் பக்கம், முழங்கால் உயரத்தில் இருந்த வட்டத் திறப்பின் முன் குந்தி உட்கார்ந்தாள். ஒரு ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு அது இருந்தது. நான்கு திருகுகளைக் கழற்றி, கனத்த மூடியைக் கீலில் ஒருபக்கமாகத் திறந்து வைத்துவிட்டுத்தான் அவன் உள்ளே போயிருந்தான். கத்தரித்த துணியின் நீண்ட முனை ஒன்று திறப்பு வழியே வெளியே வந்து தரையில் சுருண்டு கிடந்தது. உள்ளே இருட்டு. தொங்கும் துணி மடிப்புகளுக்குப் பின்னால், அவன் தலையில் கட்டியிருந்த விளக்கு மஞ்சளாக அசைந்தது.

"என்னக்கா?"

"முடிஞ்சுதா?"

"எங்க முடியுது? துணி, சவம், உருளைல இறுக்கிச் சுத்திக்கிட்டுக் கெடக்கு. வெட்டி வெட்டி எடுக்கேன்."

கத்திரிக்கோல் எஃகில் தட்டும் சத்தம். டிங். டிங்.

"இங்க குழாய்ல தண்ணி சொட்டுதுல."

"கரிநாளும் அதுவுமா ரெண்டு கூமுட்டைங்க வேலைக்கு வந்துருக்குதேன்னு நம்மளப் பாத்து அழுவுதாயிருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பொங்கலுக்கு மூன்றாம் நாள். சங்கரன்கோவில் பக்கத்தில் அவர்கள் ஊரில் அதைக் கரிநாள் என்பார்கள். வீட்டுக்கு வீடு கறி கொதிக்கும். இங்கே காணும் பொங்கல். போகிக்கு முந்தின நாளே கம்பெனிப் பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டு ஓய்ந்துவிட்டன. நாளைக்கு ஒரு லாரித் துணி போயாக வேண்டும் என்று இவர்கள் இருவரை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். சூப்பர்வைசர் ராஜசேகர் மணிமங்கலத்துக்காரர். காலையில் வந்து இயந்திரத்தை ஓட்டிவிட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு வண்டலூர் ஜூ பார்க்கக் கிளம்பிவிட்டார். மத்தியானத்துக்கு மேல் வருவதாகப் பேச்சு.

மணி பதினொன்றரை. கூரையின் பிளாஸ்டிக் தகடுகள் வழியே வெயில் கட்டங்கட்டமாகத் தரையில் விழுந்திருந்தது. எப்போதும் இரைச்சலில் முழுகிக் கிடக்கும் ஹால் அது. இன்று அதன் அமைதியில், தகடு வெயிலில் முறுகும் சத்தம்கூடக் கேட்டது.

டொக்.

அந்தத் துளி முன்னதைவிடச் சீக்கிரம் வந்தது போலிருந்தது.

உலரறைக்குள் ஆள் இறங்க ஒரு முறை உண்டு. சுவரில் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அரை மணி நேரம் காற்றாடி ஓடி உள்ளிருக்கும் ஆவியை இழுக்க வேண்டும். ஆவி அளக்கும் கருவியை உள்ளே நீட்டிப் பார்க்க வேண்டும். முகமூடி வேண்டும், இடுப்பில் கயிறு வேண்டும், வெளியே இரண்டு பேர் வேண்டும். அந்தக் கருவி தொட்டதற்கெல்லாம் அலறுகிறது என்று மூன்று வருஷத்துக்கு முன்பே அதன் பேட்டரியைப் பிடுங்கி டிராயரில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் வந்திருந்தது. மூக்கு பார்ப்பது. மருந்துக்கு ஒரு இனிப்பு வாசனை உண்டு. சலவைக்கடைப் பையைப் பிரித்ததும் வருமே, அது. நல்ல மூக்குள்ள ஒருவர் திறப்பில் முகம் வைத்து ஒரு மூச்சு இழுத்து "இல்ல" என்றால் ஆள் இறங்குவான். "இருக்கு" என்றால் இன்னும் கொஞ்சம் காற்றாடி. அந்த மூக்கு முத்துச்செல்வியுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூட்டிய அறைக்குள் ஒரு பீப்பாய் கசிவதை வாசலில் நின்றே சொன்னவள். ஹால் முழுக்க அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிடும்.

அந்த மூக்கு செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கொண்டுபோய்விட்டது. மல்லிகை, கருவாடு, பினாயில், எல்லாம் ஒன்றுதான். யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் பேக்கிங்குக்கு மாற்றுவார்கள். பேக்கிங் என்றால் வேறு ஷிஃப்ட். தம்பி ஒரு நேரம், அவள் ஒரு நேரம். அவனை இங்கே கூட்டி வந்த அன்று அம்மா மாடத்தி அவன் கையை எடுத்து இவள் கையில் வைத்து, "உன் கண்ணு முன்னாலயே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அதனால் முத்துச்செல்வி திறப்பில் முகம் வைப்பாள். மூச்சு இழுப்பாள். ஒன்றும் தெரியாது. காற்றாடி எவ்வளவு நேரம் ஓடியது என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, "இல்ல" என்பாள். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கணக்கு தப்பியதில்லை.

இன்றும் அப்படித்தான் சொன்னாள்.

"எக்கா, ஒண்ணு சொல்லட்டா?" உள்ளிருந்து குரல் வந்தது. "நீ மோந்து பாத்தியே அப்ப, உள்ள இருந்தும் ஒரு ஆளு மூச்ச இழுத்த மாதிரி கேட்டுது. நீ இங்கன இழுக்க, அது அங்கன இழுக்கு."

"பயங்காட்டாதல, மூதி."

"சத்தியமா. ரெண்டு பேரும் மூக்க மூக்க ஒரசிக்கிட்டு நிக்கிய." அவன் சிரித்தான். தகரத்துக்குள் அந்தச் சிரிப்பு உருண்டது. நின்றது. மறுபடி தொடங்கியது. "மூக்க மூக்க…" சொல்ல முடியாமல் சிரித்தான்.

இவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்தப் பேச்சில் அவ்வளவு சிரிக்க ஒன்றுமில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் பாதுகாப்பு வகுப்பில் ஒரு பெண் வந்து சொல்வாள்: மருந்து தலைக்கேறினால் முதலில் சிரிப்பு வரும். பிறகு தூக்கம் வரும். பிறகு என்ன என்பதை அவள் சொல்லமாட்டாள். அடுத்த படத்துக்குப் போய்விடுவாள்.

முத்துச்செல்வி மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவிட்ச் பலகையைப் பார்த்தாள். துணி சிக்கி இயந்திரம் நின்றதும் காற்றாடியைப் போட்டவள் அவள்தான். அதன் பிறகு பத்து நிமிஷம் போலக் கரண்ட் போய் வந்தது. அதுவும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. வந்த பிறகு காற்றாடி தானாகச் சுற்றாது, மறுபடி பொத்தானை அழுத்த வேண்டும். அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

காற்றாடி அரை மணி நேரம் ஓடி முடித்தால் எரியும் பச்சை விளக்கு எரியவில்லை.

அவள் ஓடிப்போய் அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். மூடி திறந்திருந்தால் காற்றாடி ஓடாது. இயந்திரத்தை அப்படித்தான் அமைத்திருந்தார்கள். காற்றாடி ஓட வேண்டுமென்றால் மூடியை மூட வேண்டும். மூடியை மூட வேண்டுமென்றால் அவன் வெளியே வர வேண்டும்.

"மாரி! போட்டது போட்டபடி கெடக்கட்டும். வெளிய வா!"

"வாரேன்க்கா."

"இப்ப வா!"

"இந்தா வாரேன்."

டிங். டிங்.

கத்திரிக்கோல் சத்தம் தொடர்ந்தது. திறப்பில் முகம் வைத்துப் பார்த்தாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். கண்கள் எரிந்தன. துணி மடிப்புகள் திரை திரையாக, ஒன்றன் பின் ஒன்றாக, அசையாமல் தொங்கின. அவற்றுக்கு அப்பால் அந்த மஞ்சள் வெளிச்சம். முன்பு பார்த்ததைவிடச் சிறியதாக.

அந்த அறை நான்கு எட்டுதான் ஆழம். அவளே பல முறை உள்ளே போய்த் துடைத்திருக்கிறாள். நான்கு எட்டு வைத்தால் பின்சுவர் நெற்றியில் இடிக்கும்.

வெளிச்சமோ, தெருக்கோடி விளக்கு எரியும் தூரத்தில் இருந்தது.

"மாரி… எங்கல நிக்க?"

"இங்கனதான்க்கா."

குரல் பக்கத்தில் கேட்டது. துணிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் இடத்தில்.

டொக் டொக் டொக்.

அவள் திரும்பினாள். குழாய் இப்போது சொட்டவில்லை. நூல் போல ஒழுகிக்கொண்டிருந்தது. பத்து லிட்டர் கேன். பாதிக்கு மேல் ஏறியிருந்தது. அவள் விரலை அதில் வைத்தாள்.

வெதுவெதுப்பு. உடம்புச் சூடு.

கையை உதறிக்கொண்டு போனை எடுத்தாள். நான்காவது மணியில் ராஜசேகர் எடுத்தார். பின்னால் பிள்ளைகளின் கூச்சலும் ஊதல் சத்தமும் கேட்டன.

"இன்னாம்மா செல்வி, லைன் ஓடுதா?"

"சார், மாரி உலரறைக்குள்ள இருக்கான். துணி சுத்திக்கிச்சு, எடுக்கப் போனான். கூப்பிட்டா வர மாட்டேங்கான். சும்மா சும்மா சிரிக்கான் சார்."

"சிரிக்கிறானா? காணும் பொங்கல் அதுவுமா கட்டிங் போட்டுக்கினு வந்துட்டானா? நீ மூக்கு பாத்தல்ல?"

"பாத்தேன் சார்."

"அப்புறம் இன்னா? உன் மூக்கு மேல நான் சூடம் அடிச்சி சத்தியம் பண்ணுவேன். இங்க புலிக் கூண்டாண்ட நின்னுக்கினு கீறேன், ஒண்ணும் காதுல வுயல…"

"எனக்கு வாசனை தெரியாது சார்."

ஊதல் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னா சொன்ன?"

"ரெண்டு வருஷமாத் தெரியாது. காய்ச்சல் வந்ததுல போயிடுச்சு. பொய் சொன்னேன். இத்தன நாளும் பொய்தான் சொன்னேன்." அவள் அழத் தொடங்கியிருந்தாள். "காத்தாடியும் ஓடல சார். நான் பாக்கல."

அவர் பிள்ளைகளை அதட்டிவிட்டு எங்கோ ஒதுங்குவது கேட்டது. திரும்பி வந்த குரலில் அந்தப் பழைய ராஜசேகர் இல்லை.

"செல்வி, நல்லா கேளு. நீ உள்ள போவக் கூடாது. மருந்தோட ஆவி கனம். தரையோட தரையா படுத்துக்கினு இருக்கும். நீ முட்டி போட்டு தலைய உள்ள வுட்டியோ, நீயும் அங்கயே சாஞ்சுடுவ. அவன் பேசறானா?"

"பேசுதான்."

"நிக்கிறானா? உக்காந்துட்டானா?"

"நிக்கான்."

"நிக்கச் சொல்லு. உக்கார வுடாத, உக்காந்தான்னா முடிஞ்சிது. வெட்டுன துணி வெளிய வருதில்ல? அத்த இடுப்புல சுத்திக்கச் சொல்லி நீ இழு. நான் கேட்டுக்குப் போன் பண்ணி வாட்ச்மேன் சுப்பிரமணிய ஓடியாரச் சொல்றேன். பத்து நிமிசம். நான் இதோ கெளம்பிட்டேன்."

"சார்… தண்ணி வருது சார்."

"எந்தத் தண்ணி?"

"குழாய்ல. கேன் நெறைஞ்சிரும் போல."

அவர் நடந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

"மெசினு நின்னு கீதுன்ன?"

"ஆமா சார்."

"அத்தப் பாக்காத. துணியப் புடி."

போனைக் கீழே வைத்தாள். தரையில் சுருண்டு கிடந்த துணி முனையை எடுத்துக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"மாரி! ராசா! நான் சொல்லுதத மட்டும் கேளு. வெட்டுன துணி உன் காலடில கெடக்கும். எடுத்து இடுப்புல கட்டிக்கோ. நான் இழுக்கேன், நீ வா."

டிங். டிங்.

"எனக்கு மூக்கு செத்துப் போச்சுல! எனக்கு ஒரு மண்ணும் தெரியாது! உள்ள மருந்து இருக்கு. சிரிக்காத. உக்காராத. கட்டிக்கோல, அம்மா மேல ஆணை, கட்டிக்கோ!"

கத்திரிக்கோல் நின்றது.

கூரைத் தகடு முறுகியது. எங்கோ ஒரகடம் சாலையில் ஒரு வண்டி, பாட்டைப் போட்டுக்கொண்டு, ஆட்களின் ஆரவாரத்தோடு கடந்து போனது. அந்தச் சத்தம் தேய்ந்து, தேய்ந்து, அற்றுப்போனது.

"கட்டியாச்சு."

குரல் காய்ந்திருந்தது. காய்ந்த இலையை மிதித்தது போல.

இழுத்தாள்.

துணி வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். வழுவழுவென்று, சுத்தமாக, ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல் வந்தது. இன்னும் இழுத்தாள். அதில் கனமே இல்லை. அவன் கட்டிக்கொள்ளவில்லையோ? வெறும் துணிதானோ? காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு வேகமாக இழுத்தாள். துணி அவளைச் சுற்றிக் குவிந்தது. மடிமேல். தோள்மேல். பத்து முழம். இருபது முழம். நான்கு எட்டு ஆழமுள்ள அறையிலிருந்து. முப்பது முழம்.

பிறகு எதுவோ தட்டியது. பின்னால் ஏதோ தொங்குவது போல ஒரு சின்ன இழுவிசை. பட்டத்து நூலின் கனம்.

இருட்டிலிருந்து ஒரு கை வந்து திறப்பின் விளிம்பைப் பிடித்தது.

"மாரி!"

அவள் அந்தக் கையைப் பற்றினாள். இன்னொரு கையைத் தேடிப் பற்றினாள். பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கும் பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தாள். அவ்வளவு பலம் தேவைப்படவில்லை. தொட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுப்பது போல அவன் வெளியே வந்துவிட்டான்.

வந்துவிட்டான். அவன் முகம். அவன் மீசை. புருவத்தில் சின்ன வயசில் விழுந்த தழும்பு. கண் திறந்திருந்தது. உயிரோடிருந்தான். முத்துச்செல்வி அவனைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, குலசாமி பெயரைச் சொல்லி, அம்மா பெயரைச் சொல்லி, இந்த ஜென்மத்துக்கு இனி இந்தப் பொய் போதும், நாளைக்கே ஊருக்குப் போவோம், இங்கே ஒரு வேலையும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கண்ணீர் அவன் சட்டையில் விழுந்தது.

விழுந்த இடம் ஈரமாகவில்லை.

அவள் இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தாள். கண் மட்டும் அதைப் பார்த்தது. ஒரு துளி விழுகிறது. துணி குடிக்கிறது. சுவடு இல்லை.

காலையில் அவன் போட்டு வந்த நீலச் சட்டை. காலரில் அழுக்கு இருந்தது, கக்கத்தில் வேர்வை வெளுப்பு இருந்தது. விடியலில் டீ கொட்டி அவள் திட்டிய கறை இருந்தது. இப்போது எதுவும் இல்லை. நீலமும் இல்லை. நெய்த அன்றைக்கு இருந்த வெறும் வெள்ளை.

அவன் கன்னத்தைத் தொட்டாள். சாக்கட்டி. எண்ணெய்ப் பசை இல்லாத, வேர்வை இல்லாத, ஒரு துளை இல்லாத தோல். விரல் பட்ட இடத்தில் கீச்சென்றது.

"தண்ணி," என்றான்.

அவள் தன் பாட்டிலை எட்டுமுன் அவன் கேனைத் தூக்கிவிட்டான். விளிம்பு வரை நிரம்பியிருந்த பத்து லிட்டர் கேன். ஒற்றைக் கையில். வாயில் வைத்துச் சாய்த்தான். தொண்டை அசையவில்லை. முழுங்கும் சத்தம் இல்லை. தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மணலில் ஊற்றியது போல.

"போதும்… போதும்ல, அது மருந்துத் தண்ணி…"

வெறும் கேனைக் கீழே வைத்தான். அவளைப் பார்த்தான். இமை ஒரு முறை மூடித் திறந்தது. காகிதம் மடங்கும் சத்தம்.

அவன் தலையில் விளக்கு இல்லை.

உள்ளே விழுந்திருக்கும். இழுத்தபோது கழன்றிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். முத்துச்செல்வி தலையைத் திருப்பினாள். திருப்ப விருப்பமில்லாமல் திருப்பினாள்.

திறப்புக்குள், துணி மடிப்புகளுக்குப் பின்னால், ஒரு ஆளின் தலை உயரத்தில், மஞ்சள் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது.

டிங். டிங்.

"எக்கா?"

மாரியின் குரல். களைத்த, நாக்குக் குழறிய, வேர்த்த, உயிருள்ள குரல்.

"எக்கா, துணியே காணலியே. நீ கட்டிக்கோன்னு சொன்னது கேட்டுது. கால்ல தட்டுப்பட மாட்டேங்கு." இருமினான். "தல சுத்துதுக்கா. யாருட்டப் பேசிக்கிட்டு இருக்க?"

அவள் வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பிய்த்துப் பார்த்தாள். வரவில்லை. தொண்டைக்குள் ஒரு பந்து பஞ்சு. தம்பி என்று நினைத்து அவள் பற்றியிருந்த கை இப்போது அவள் மணிக்கட்டைச் சுற்றியிருந்தது. அந்த விரல்களுக்கு அடியில் அவள் தோல் சுருங்கி, வெளுத்து, செதில் செதிலாக எழும்பிக்கொண்டிருந்தது. முழங்கை வரை ஏறிவிட்டது. கண்ணில் நின்ற கண்ணீர் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இமைக்க முடியவில்லை.

மாரி. வா. இந்தப் பக்கம் வா. நான் இங்க இருக்கேன்.

எதுவும் வெளியே வரவில்லை. உதடு மட்டும் வெடித்தது. ரத்தம்கூட வரவில்லை.

அது குனிந்தது. திறப்பின் முன் குந்தி உட்கார்ந்தது. அவள் உட்காருவது போலவே, இடது முழங்காலைத் தரையில் ஊன்றி. முகத்தைத் திறப்பில் வைத்தது. நீளமாக ஒரு மூச்சு இழுத்தது.

பிறகு முத்துச்செல்வியின் குரலில் பேசியது.

"யாருமில்லல ராசா. காத்தாடி நின்னு போச்சு. மூடிய மூடுனாத்தான் ஓடும்."

அதன் வலது கை மூடியைப் பிடித்து இழுத்தது. கீல் முனகியது. வட்டம் பிறையானது.

அவள் தரையில் உதைத்தாள். செருப்பு நழுவி எங்கோ போனது. ஒற்றைக் கையால் துணிக்குவியலைப் பிறாண்டினாள். காலால் கேனை எத்தினாள். அது உருண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது.

"அது என்னக்கா சத்தம்?"

"வெறுங் கேனு. நிக்காத, தல சுத்தும். செத்த நேரம் அங்கனயே உக்காந்துக்கோ. அக்கா இங்கனதான் இருக்கேன்."

மூடியின் விளிம்பு நெருங்கியது. விரல்கடை அகலத்துக்கு ஒரு இடைவெளி. அதன் வழியே முத்துச்செல்வி பார்த்தாள். தொலைவில் அந்த மஞ்சள் வெளிச்சம் ஒரு கணம் தயங்கியது. பிறகு மெல்ல, மெல்லத் தாழ்ந்து, தரையோடு தரையாக இறங்கி உட்கார்ந்தது.

"சரிக்கா," என்றான் மாரிசெல்வம்.